கார்டைக் கழற்றியது யார்?

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

நாலு பேர் பணம் போட்டு ஒரு பொதுப் பட்டறை வைத்துக்கொள்வது நல்ல காரியம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி 'வைத்தோம், அடிபட்டோம்' ரகம். ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கோயம்புத்தூர் பம்பு ஃபவுண்டரி ஒன்றின் பேட்டர்ன் ஷாப்பில் (வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் இடம்) 14 வருடம் மரவேலை, அப்புறம் ஐ.டி.ஐ.யில் 19 வருடம் வாத்தியார் வேலை. நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை.

எங்கள் அடுக்ககத்தில் 64 வீடுகள். கார் நிறுத்தும் தளத்தின் ஒரு மூலையில் பட்டறை வைத்திருக்கிறோம். டேபிள் சா (மேசை ரம்பம்), டிரில்லிங் மெஷின், சில கைமெஷின்கள் உண்டு. போன மாதம் ஒருவர் பலகை அறுக்கும்போது துண்டு எகிறி வயிற்றில் அடித்துவிட்டது. பார்த்தால் பிளேடின் மேல் கார்டு (பாதுகாப்பு மூடி) இல்லை, அலமாரியில் கிடந்தது. கழற்றியது யார் என்று தெரியவில்லை. பட்டறையை மூடிவிடலாம் என்கிறது ஒரு தரப்பு. 'என் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்துகிறேன்' என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறது இன்னொரு தரப்பு. எது சரி?
— வாசகர், பெருங்குடி

இரண்டும் வேண்டாம். கையெழுத்துக் காகிதம் கோர்ட்டில் நிற்குமா என்பதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது, அந்தக் காகிதம் அலமாரியில் கிடக்கும் கார்டை எடுத்து மாட்டாது.

என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் எழுதியதில்லை.

1986. பேட்டர்ன் ஷாப்பில் ஒரு வட்ட ரம்பம். பிளேடின் பின்னால் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு மெல்லிய இரும்புத் தகடு நிற்கும், அதன் மேல்தான் கார்டு உட்காரும். அன்றைக்கு எனக்கு ஒரு கோர் பாக்ஸுக்கு (வார்ப்பின் உள்கூட்டுக்கு மணல் அடைக்கும் மரப்பெட்டி) பள்ளம் எடுக்கும் வேலை. பள்ளம் எடுக்கும்போது பிளேடு மரத்தை முழுக்க ஊடுருவாது, தகடு நின்றால் மரம் அதில் போய் முட்டும். அதனால் தகட்டையும் கார்டையும் கழற்றினேன். அதில் தப்பில்லை. வேலை முடிந்தது, டீக்கு மணி அடித்தது, போய்விட்டேன். மாட்டவில்லை.

அடுத்த ஷிஃப்டில் ஒரு பையன் அதே மெஷினில் தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுத்தான். சில மரத்துக்கு உள்ளே ஓர் இறுக்கம் இருக்கும். பாதி அறுத்ததும் அறுத்த வாய் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அதைத் தடுக்கத்தான் அந்தத் தகடு. அது இல்லையென்றால், பிளேடின் பின்பக்கத்துப் பல் மேல்நோக்கி எழும்போது பலகையைத் தூக்கி, அறுப்பவர் மேலேயே எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் வரும். கண் சிமிட்டுவதற்குள் பலகை போய்விட்டது. அதை அழுத்திக்கொண்டிருந்த இடது கை முன்னால் சரிந்தது. இரண்டு விரல்.

விசாரணையில் 'தொழிலாளியின் கவனக் குறைவு' என்று எழுதினார்கள். மூன்று நாள் தூக்கமில்லாமல் கிடந்து, நாலாம் நாள் ஃபோர்மேனிடம் போய், 'கழற்றியது நான்தான்' என்றேன். 'எழுதி அனுப்பியாச்சு, விடுப்பா' என்றார். விட்டுவிட்டேன். அந்தப் பையனிடம் நேரில் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

ஆகவே உங்கள் பட்டறையில் கழற்றியவர் யார் என்று துப்பறிவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அவரும் என்னைப்போல ஒரு சரியான காரணத்துக்காகத்தான் கழற்றியிருப்பார். சொந்தப் பட்டறையில் கழற்றியவரே மறுநாளும் வருவார், அவருக்கு ஞாபகம் இருக்கும். பொதுப் பட்டறையில் அடுத்து வருபவருக்கு அது தெரியாது. 'மெஷினை எப்படிப் பயன்படுத்துவது' என்று பத்து விதி எழுதி ஒட்டுவதைவிட, 'மெஷினை எப்படி விட்டுப்போவது' என்று ஒரே ஒரு விதி போடுங்கள். கார்டு மாட்டியிருக்க வேண்டும், பிளேடு மேசைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். அந்த நிலையில் மெஷினை ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக அச்சிட்டு, அதன் நேர் மேலே சுவரில் ஒட்டுங்கள். போகிறவர் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போகட்டும், வருகிறவர் பார்த்துவிட்டுத் தொடட்டும். எங்கள் ஐ.டி.ஐ.யில் இதைச் செய்தோம். படிக்கத் திணறும் பையன்கூட ஒரு நொடியில் வித்தியாசம் கண்டுபிடித்தான்.

பதிவேடு வைத்திருப்பீர்கள். பெயர், வந்த நேரம், போன நேரம் என்று மூன்று கட்டம் இருக்கும். நாலாவதாக 'எதை மாற்றினேன்' என்று ஒரு கட்டம் போடுங்கள். பெல்ட் மாற்றினேன், ஃபென்ஸை (பலகையை நேராகச் செலுத்தும் பக்கச் சட்டம்) கழற்றினேன், பிளேடு மழுங்கிவிட்டது, இப்படி. மழுங்கிய பிளேடைச் சும்மா நினைக்காதீர்கள். பொதுச்சொத்தில் பிளேடு மட்டும் யாருடையதும் இல்லை, சாணைக்குக் கொண்டுபோக ஆள் கிடைக்காது. மழுங்கினால் அழுத்தித் தள்ள வேண்டிவரும், அழுத்தித் தள்ளும் கைதான் சறுக்கும்.

இன்னொன்று. எல்லோர் பொறுப்பும் என்றால் யார் பொறுப்பும் இல்லை என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். திருவாரூர்த் தேரை இழுக்க ஆயிரக்கணக்கில் ஜனம் வரும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதற்கு மட்டும் பழகிய ஆட்கள் தனியாக இருப்பார்கள். கூட்டத்தில் எவ்வளவு பெரிய மனிதர் வடம் பிடித்தாலும் அவர்கள் சொன்னால் நிற்க வேண்டும். உங்கள் சங்கத்திலும் மாதத்துக்கு ஒருவர் என்று வைத்து, அவர் பெயரை வாசலில் எழுதுங்கள். சாவி அவரிடம். 'இந்த மெஷின் இன்றைக்கு வேண்டாம்' என்று அவர் சொன்னால் செயலாளரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. சந்தாவில் ஒரு பங்கைச் சாணைக்கும் கார்டுக்கும் தனியே ஒதுக்கிவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

டிரில்லிங் மெஷினில் துளை போடும்போது கையுறை போட்டுக்கொள்வது பாதுகாப்புதானே? நான் சேலைதான் கட்டுவேன், அதற்கு என்ன செய்வது?
— வாசகி, திருச்சி

கையுறை வேண்டவே வேண்டாம். சுழலும் பிட் தோலைத் தொட்டால் காயம், கையுறையின் நூலைப் பிடித்தால் கையையே சுருட்டும். டிரில், லேத், ரம்பம் மூன்றுக்கும் வெறுங்கைதான். தகரம் தூக்க, வெல்டிங் செய்யக் கையுறை நல்லது. ஆங்கிள் கிரைண்டருக்குக் கையோடு ஒட்டிய தோல் கையுறை போடலாம், அதில் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும்.

முந்தானையை இடுப்பில் செருகுவது போதாது, குனிந்தால் அவிழும். மேலே முழு நீளப் பட்டன் கோட்டு ஒன்று, கை முழங்கைக்கு மேல். வளையல், மோதிரம், வாட்ச் கழற்ற வேண்டும். பின்னலைக் கொண்டையாக்கித் தொப்பிக்குள் விட வேண்டும். ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் போய் வேலை செய்கிறவர் உடம்போடு ஒட்டிய உடை போட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 22-ஆம் பிரிவில் சொன்னது. வேட்டி, லுங்கி, கழுத்துத் துண்டு ஆசாமிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் இளைஞர் மன்றப் பட்டறையில் கரண்ட் போனதும் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது கட்டிங் மெஷின் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. மெஷினில் கோளாறா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

மெஷினில் கோளாறு இல்லை. சுவிட்சை 'ஆன்' நிலையிலேயே விட்டு வந்திருக்கிறீர்கள்.

உடுமலைக்காரருக்கு இதைத் தோட்டத்து மோட்டாரை வைத்தே சொல்லலாம். பம்ப் செட்டில் ஸ்டார்ட்டர் இருக்கிறது. பச்சைப் பட்டனை அமுக்கினால் உள்ளே ஒரு காயில் காந்தமாகி காண்டாக்டைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் பிடி விட்டுப்போகும். திரும்ப வந்தாலும், யாராவது பட்டனை அமுக்கும்வரை மோட்டார் ஓடாது. ராத்திரி எழுந்து போக அலுப்புப்பட்டு நாம் அதற்கு ஆட்டோ மாட்டிவைத்தோம், கரண்ட் வந்ததும் தானாக ஓடட்டும் என்று. தண்ணீருக்கு அது சௌகரியம். பட்டறையில் உங்களுக்கு நடந்ததும் அதேதான், ஆனால் அங்கே அது எமன். சாதாரண சுவிட்சுக்குப் பிடி விடத் தெரியாது.

நிலையாக நிற்கும் மெஷின்களுக்கு ஸ்டார்ட்டர் போடுங்கள், ஆட்டோ இல்லாமல். கைமெஷின்களில் சுவிட்சை அழுத்திப் பூட்டி வைக்கும் வசதி இருக்கும், ஆபத்து அங்கேதான். கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது, செல்போன் டார்ச்சைத் தேடுவதெல்லாம் அப்புறம். ட்ரில்லில் பிட்டைப் பிடிக்கும் சக்கின் சாவியை ஒயரில், பிளக்குக்குப் பக்கத்தில், கட்டிவிடுவது ஒரு பழைய தந்திரம். பிட் மாற்ற வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். போர்டில் எம்.சி.பி. இருப்பதால் ஷாக் அடிக்காது என்று நினைப்பவர்கள் நிறைய. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுகிற சாமான். மனிதனைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

ஏ.ஜி. ஃபோர் (4 அங்குல ஆங்கிள் கிரைண்டர்) மெஷினில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டிப் பயன்படுத்தலாமா? கடையில் அப்படித்தான் விற்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் கார்டைக் கழற்றி 5 அங்குல வட்டும் போடுகிறார்.
— வாசகர், சிவகாசி

கடையில் விற்பதால் சரியாகிவிடாது. 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. வட்டின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. உரசித் தேய்ப்பதற்காகச் செய்த மெஷின் அது. மரம் அறுக்கும் மெஷினில் இருக்கிற அடித்தட்டு, பின்தகடு எதுவும் இதில் கிடையாது. பெரிய பல் மரத்தில் மாட்டினால் மெஷின் கையைவிட்டுத் துள்ளி முகத்துக்கோ தொடைக்கோ வரும். மாட்டியிருக்கும் பிளேடைப் பட்டறையில் யார் பார்த்தாலும் கழற்றி எறியலாம் என்று தீர்மானமே போடுங்கள்.

5 அங்குல வட்டுக்காகக் கார்டைக் கழற்றுவது இன்னும் மோசம். வட்டு உடைந்தால் அந்தத் துண்டைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. வட்டின் மேல் அச்சிட்டிருக்கும் ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று), மெஷினில் போட்டிருப்பதைவிடக் குறையக் கூடாது. 7 அங்குல மெஷினில் தேய்ந்து சின்னதான வட்டை இதில் போட்டுத் தீர்க்கும் சிக்கனசாலிகளும் இருக்கிறார்கள். அந்த வட்டு தாங்குவது சுமார் 8,500 சுற்றுதான். நல்ல கட்டிங் வட்டுகளில் நடுத்துளையைச் சுற்றிய உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி. உள்ளே பிடித்துவைத்திருக்கும் பிசின் ஈரத்தில் வலுவிழக்கும். பொதுப் பட்டறை அலமாரியின் அடியில் எவரோ எப்போதோ வாங்கிப்போட்ட வட்டு நிச்சயம் ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள்.

பெஞ்ச் கிரைண்டரின் சாணைக்கல்லுக்கு வேறு பரீட்சை. மாட்டுவதற்கு முன் துளையில் விரல்விட்டுத் தூக்கி, மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். மண்பானை வாங்கும்போது தட்டுவோமே, அப்படி. கணீரென்றால் நல்ல கல். 'டொப்' என்றால் உள்ளே விரிசல்.

எங்கள் பட்டறையில் ஒரு பெரியவர், 40 வருட அனுபவசாலி. கார்டு மாட்ட மாட்டார், கண்ணாடி போட மாட்டார். சொன்னால் 'எனக்குப் பத்து விரலும் இருக்கு, எண்ணிப் பார்' என்று கையை நீட்டுகிறார். அப்பா வயதுக்காரரிடம் எப்படி அழுத்திச் சொல்வது?
— வாசகர், ஈரோடு

இதுதான் நிஜமான கஷ்டம். மெஷின் பற்றிய கேள்விக்கெல்லாம் ஒரு புத்தகம் இருக்கும், இதற்குக் கிடையாது.

அவருடைய பாதுகாப்புக்காக என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். அவருக்கு உண்மையிலேயே கை பழகியிருக்கிறது, மரம் கவ்வப்போகும்போது சத்தம் மாறுவது அவர் காதுக்கு முன்கூட்டியே கேட்கும். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கும் இருபது வயதுப் பையனுக்கு அந்தச் சத்தம் கேட்காது. கார்டு இல்லாததுதான் அவன் கண்ணில் படும். 'ஐயா, பசங்க உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிறாங்க. நீங்க போட்டாத்தான் அவங்க போடுவாங்க' என்று தனியாக, டீக்கடையில் வைத்துச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் அவர் தலையே போனாலும் மாட்ட மாட்டார். அப்புறம் புதிதாக வருகிறவர்களுக்கு மெஷின் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். சொல்லிக்கொடுக்கும்போது ஒருவன் தானே கார்டு மாட்டுவான். வாத்தியார் ஆன பிறகுதான் நானும் ஒழுங்கானேன்.

அப்படியும் நடக்கவில்லையா? சாவியைக் கொடுக்காதீர்கள். மரியாதை வேறு, சாவி வேறு.

போன வருடம் ஒரு பட்டறைக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். லேத்தைத் தொடப்போகும்போது ஒரு கல்லூரிப் பெண், 'தாத்தா, வாட்ச்சைக் கழற்றிடுங்க' என்றாள். எனக்கு 72 வயது, அவள் பிறப்பதற்கு முன்பே லேத் ஓட்டியவன். சுருக்கென்று கோபம் வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய், இரண்டு நிமிடம் நின்று, வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்டிக்காரி.

கல்லூரிப் பட்டறையை ப்ராஜெக்ட் நேரத்தில் ராத்திரியும் திறந்துவைக்கக் கேட்கிறோம். தனியாக வேலை செய்யக் கூடாது என்று மறுக்கிறார்கள். பயிற்சி முடித்தவர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவையா?
— மாணவர், மதுரை

தேவை. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், வேதியியல் ஆய்வகத்தின் பட்டறையில், இறுதியாண்டு மாணவி ஒருவர் ராத்திரி தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். முடி மெஷினில் சிக்கி இறந்துபோனார். மெஷினை நிறுத்த இன்னொரு கை அங்கே இல்லை. அதற்குப் பிறகுதான் மேற்பார்வையாளர் இருக்கும் நேரத்தில் மட்டுமே மாணவர்கள் மெஷினைத் தொடலாம் என்று அந்தப் பல்கலைக்கழகம் விதி போட்டது.

இரண்டு பேர் இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். இரண்டாவது ஆள் மூலையில் காதில் ஹெட்போன் மாட்டி லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் இல்லாததற்குச் சமம். மெயின் சுவிட்ச் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நடந்துபோய்த் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் யார் கூட்டுவது என்று எங்களுக்குள் தினமும் சண்டை. இதற்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகர், நாகர்கோவில்

கடைசியாக அறுத்தவர்தான் கூட்ட வேண்டும், சண்டை முடிந்தது. மரத்தூள் நாசியில் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே சேர்த்திருக்கிறது. காற்றடித்து ஊதாதீர்கள், தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள்.

தூளைவிட எனக்குப் பயம் எண்ணெய்த் துணி. ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகி, நெருப்பு வைக்காமலே பற்றும். 1991-இல் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிப்பட்ட துணிக் குவியலால்தான் எரிந்தது, தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். துணியை வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூடுங்கள்.

ஒருவேளை விரல் துண்டாகிவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, ஆவடி

ஒருவர் மெயினை நிறுத்த, ஒருவர் 108-க்குப் போன் போட, ஒருவர் காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. மோதிரம் இருந்தால் கை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள்.

துண்டான விரலைத் தேடி எடுத்து, சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படவே கூடாது, படுகிற இடம் செத்துப்போகும். நசுங்கியிருக்கிறது, உதவாது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், கொண்டுபோய்க் கொடுங்கள். கை அறுவைசிகிச்சை செய்யும் மருத்துவர் இருக்கிற இடத்துக்கே போக வேண்டும். ஆவடிக்காரர்களுக்குச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் பட்டறைக்கு எது பக்கம் என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரைச் சுவரில் எழுதிவையுங்கள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு பட்டறையைக் கழுவிவிட எல்லோருக்கும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுத்து, கார்டு எங்கே இருந்தது, பிளேடு எவ்வளவு உயரத்தில் நின்றது என்று நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் அதற்கு முந்தைய வரியையும்.